முன்னோரைத் தோண்டிய நரி

வேலங்காட்டில் ஒரு குட்டை இருந்தது. கோடையில் அந்தக் காட்டுக்கே அது ஒன்றுதான் தண்ணீர். மான், முயல், முள்ளம்பன்றி, நரி எல்லாம் அதை நம்பித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஆனால் தினமும் காட்டுப்பன்றிகள் முதலில் வந்துவிடும். குடித்துவிட்டுப் போனால் பரவாயில்லை. உள்ளே இறங்கிப் புரளும். ஒன்றன்மேல் ஒன்று உருளும். அவை கரையேறிய பிறகு குட்டையில் இருப்பது தண்ணீரா, குழம்பா என்று சொல்ல முடியாது.

அந்தக் காட்டில் செங்காதன் என்றொரு நரி இருந்தது. காது மட்டும் நல்ல சிவப்பு. மற்றபடி சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதுவே சொல்லிவிடும்.

"நரி என்றால் தந்திரம் என்கிறார்கள். என் பங்குத் தந்திரத்தை யார் தின்றார்களோ! நேற்று ஒரு நண்டைப் பிடிக்கப் போனேன். நண்டு என்னைப் பிடித்துக்கொண்டது!" என்று வீங்கிய மூக்கைக் காட்டும். எல்லா விலங்குகளும் சிரிக்கும். செங்காதனும் கூடச் சேர்ந்து சிரிக்கும்.

ஒருநாள் மாலை, மான்குட்டி ஒன்று அந்தச் சேற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமி இருமித் துவண்டு விழுந்தது. தாய்மான் அதை நக்கிக்கொடுத்தபடி நின்றது. பன்றிகளிடம் யார் பேசுவது?

செங்காதனுக்குப் பொறுக்கவில்லை. பன்றிக் கூட்டத்தின் தலைவன் கோரையனிடம் போயிற்று.

"கோரையாரே! குடித்துவிட்டு வெளியே போய்ப் புரளக்கூடாதா? சின்னஞ்சிறுசுகள் சேற்றைக் குடிக்கின்றனவே!"

"எங்கள் குட்டை! நாங்கள் புரள்வோம்!" என்றது கோரையன். "எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் மூக்கால் கிளறி உண்டாக்கிய குட்டை இது. முதலில் வந்தவனுக்கே முதல் தண்ணீர். நீங்களெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள்!"

"அதற்கு என்ன சாட்சி?"

"நீங்கள் எங்களுக்கு முன்னால் வந்தீர்கள் என்பதற்கு ஒரு சாட்சி கொண்டு வா. மறுபேச்சுப் பேசாமல் விலகிக்கொள்கிறோம்!"

பன்றிகள் உறுமி உறுமிச் சிரித்தன. செங்காதன் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பியது.

குட்டையின் கரைக்குக் கீழே ஓர் ஓடை உண்டு. மழை பெய்தால்தான் அதில் தண்ணீர். கோடையில் அது வெறும் களிமண் பள்ளம். இரண்டு பக்கமும் மதில்போல மண்சுவர் நிற்கும். மறுநாள் காலை செங்காதன் அந்த வழியாகப் போனபோது, 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டது. சட்டென்று ஒரு காரைப்புதருக்குள் பதுங்கிக்கொண்டது.

பள்ளத்தில் இரண்டு மனிதர்கள். சுத்தியல் பிடித்திருந்த பெண்ணின் பெயர் பூங்கோதை. மண்ணுக்குள் புதைந்து கல்லாகிப்போன எலும்புகளைத் தேடுவதுதான் அவர் வேலை. பக்கத்தில் குடை பிடித்து நின்றவர், ஜீப் ஓட்டி வந்த அந்தோணிசாமி.

"அண்ணே, இங்க பாருங்க! முதுகெலும்பு! அப்படியே கல்லாயிடுச்சு!" என்றார் பூங்கோதை.

"எந்த மிருகத்தோடதும்மா?"

"இப்ப எங்கேயும் இல்லாத மிருகம். இந்த இடம் கடலா இருந்தப்போ இங்க நீந்தினது. இந்த மண்ணுக்கு முதல் குடித்தனம் இவங்கதான். நாமெல்லாம் நேத்து வந்தவங்க!"

நரியின் காதில் கடைசிப் பாதிதான் நன்றாக விழுந்தது. முதல் பாதி அதற்குத் தேவைப்படவும் இல்லை. 'அடடா! யாருடைய எலும்பு மண்ணுக்குள் இருக்கிறதோ அவன்தான் முதல் குடித்தனக்காரனா!' என்று துள்ளி எழுந்தது. காலடியில் சுள்ளி முறிந்தது.

"அம்மா, நரி!" என்று கத்தினார் அந்தோணிசாமி.

பூங்கோதை ஓங்கிய சுத்தியலோடு அப்படியே நின்றார். அவர் நரியைப் பார்த்தார். நரி அவரைப் பார்த்தது. யார் யாரைப் பார்த்து அதிகம் பயந்தார்கள் என்று சொல்வது கடினம்.

"பயப்படாதீங்கம்மா. நரி முகத்துல முழிச்சா யோகம்னு சொல்லுவாங்க!"

"அப்படியா? அப்ப இன்னும் கொஞ்சம் தோண்டலாம்!" என்று சிரித்தார் பூங்கோதை.

செங்காதன் அதற்குள் நாலுகால் பாய்ச்சலில் ஓடிவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே தனக்குள் சொல்லிக்கொண்டது: "என் முகத்தில் விழித்தால் யோகமாம்! நான் தினமும் குட்டையில் என் முகத்தில்தான் விழிக்கிறேன். இதுவரை ஒரு யோகத்தையும் காணோமே!"

இருந்தாலும் வழி தெரிந்துவிட்டது. மண்ணுக்குள் ஒரு நரி எலும்பு கிடைத்தால் போதும். பன்றிகள் வாயை மூடிக்கொள்ளும். மான்குட்டிக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும்.

தேடத் தொடங்கியபோது செங்காதன் மான்குட்டியைத்தான் நினைத்தது. வெயில் ஏற ஏற நினைப்பு மாறியது. 'என் முன்னோர் சாதாரண நரியாகவா இருந்திருப்பார்? யானை அளவு இருந்திருப்பார். அவருடைய நடையே தனி நடை!' அதுவும் நெஞ்சை நிமிர்த்தி ஒரு தனி நடை நடந்து பார்த்தது. கால் இடறிக் குப்புற விழுந்தது.

இடறிய இடத்தில் உருண்டையாக, கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. "கிடைத்தது! பாட்டனின் மண்டையோடு!" என்று செங்காதன் அதைத் தட்டியது.

மண்டையோட்டிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. "யாரையா அது, தூங்குகிறவன் முதுகைத் தட்டுவது?" என்றது ஆமை.

"மன்னித்துக்கொள்ளும் ஆமையாரே! உம்மை என் பாட்டன் என்று நினைத்துவிட்டேன்."

"நல்லவேளை, நான் இல்லை!" என்று ஆமை மறுபடி தலையை இழுத்துக்கொண்டது.

கொஞ்சம் தள்ளி, மணலில் அழகான சுருள் ஒன்று கிடந்தது. பழுப்பும் வெள்ளையுமாகக் கோலம் போட்டதுபோல இருந்தது. நரி சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டது. "ஆஹா! இது பாட்டனின் வால்! கல்லாகிச் சுருண்டு கிடக்கிறது! என்ன அழகு, என்ன மெருகு!" என்று முகர்ந்து பார்க்கக் குனிந்தது.

'சரசரசர' என்று ரம்பம் அறுப்பதுபோலச் சத்தம் வந்தது. செங்காதன் கண்ணைத் திறந்தது. மூக்குக்கு நேரே சுருட்டைவிரியன்!

"நான் கல்லாவதற்கு இன்னும் காலம் இருக்கிறது," என்றது பாம்பு. "நீ எலும்பாக வேண்டுமானால் இப்போதே ஆகலாம்!"

"வேண்டாம் தாயே! நான் எலும்பு தேடத்தான் வந்தேன், எலும்பாக வரவில்லை!" என்று செங்காதன் பின்பக்கமாகவே தாவிப் புதருக்கு அப்பால் விழுந்தது. புத்தி இருந்திருந்தால் அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கும். செங்காதன் மனிதர்கள் இருந்த இடத்துக்கு வெகுதூரம் தள்ளி, ஓடையின் மேல்முனைக்குப் போயிற்று.

அங்கே மண்சுவர் உயரமாக நின்றது. அதற்கு அந்தப் பக்கம் குட்டை. சுவரின் நடுவே, பூசணிக்காய் பருமனில், எலும்பின் முனை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. இந்த முறை செங்காதன் எச்சரிக்கையாகத் தூரத்தில் நின்று, "ஐயா, உமக்கு உயிர் இருக்கிறதா?" என்று கேட்டது. பதில் இல்லை. ஒரு கல்லை உருட்டிவிட்டுப் பார்த்தது. அசையவில்லை. நிஜமான எலும்புதான்!

அதைச் சுற்றியிருந்த களிமண் ஈரமாக, இளகிக் கிடந்தது. கோடையில் மண் ஏன் ஈரமாக இருக்கிறது என்று செங்காதன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "என்னைக் கண்டதும் பாட்டனுக்கு மனம் இளகிவிட்டது!" என்றது.

அது போட்ட ஊளையில் காடே கூடிவிட்டது.

"இதோ சாட்சி!" என்று கூவியது செங்காதன். "எங்கள் பாட்டனின் தொடை எலும்பு! தொடையே இந்தப் பருமன் என்றால் ஆள் எப்படி இருந்திருப்பார், பாருங்கள்!"

கோரையன் அருகே வந்து பார்த்தது. அதன் முகம் சுருங்கியது. பிறகு சமாளித்துக்கொண்டு, "இது தொடை இல்லை. தாடை! பன்றித் தாடை!" என்றது.

"இது முள்ளம்பன்றியின் முள்! அடிமுள்!" என்றது முள்ளம்பன்றி.

"தள்ளுங்கள், நான் பார்க்கிறேன்," என்று முயல் முன்னால் வந்தது. "சந்தேகமே இல்லை. இது எங்கள் காதெலும்பு!"

"காதில் ஏது எலும்பு?" என்று கேட்டது செங்காதன்.

"இப்போது இல்லை. அந்தக் காலத்தில் இருந்தது!"

"முழுவதையும் வெளியே எடுத்தால் தெரிந்துவிடும்!" என்றது கோரையன். அவ்வளவுதான். நரி காலால் பறித்தது. பன்றிகள் மூக்கால் குத்தின. முள்ளம்பன்றி நகத்தால் வாரியது. முயல்கூடத் தன் பங்குக்கு மண்ணை எறிந்தது. அது செங்காதனின் கண்ணில்தான் விழுந்தது.

எலும்பு ஆட்டம் கண்டது. கோரையன் கோரைப்பல்லை அடியில் கொடுத்து நெம்பியது. 'தொப்' என்று எலும்பு கீழே விழுந்தது. அதன் மேலெல்லாம் பழைய சிப்பிகள் ஒட்டியிருந்தன. நரியின் உடம்பில் சிப்பி ஒட்டுமா? பன்றிக்கு ஒட்டுமா? விலங்குகள் ஒன்றையொன்று பார்த்து விழித்தன.

அப்போது எலும்பு இருந்த ஓட்டையில் 'களுக்' என்று ஒரு சத்தம். ஒரு சொட்டு விழுந்தது. அடுத்து ஒரு கயிறுபோலத் தண்ணீர். அடுத்த மூச்சில் தண்ணீர் பீறிட்டு முயலைத் தூக்கி ஓடைக்குள் எறிந்தது!

"குட்டை ஓடுகிறது!" என்று அலறியது தாய்மான்.

விலங்குகள் கரைமேல் ஏறி ஓடின. குட்டை கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தது. தவளைகள் கத்தின. தலைப்பிரட்டைகள் சேற்றில் துடித்தன. பன்றிக்குட்டிகள் பயந்து தாயின் வயிற்றுக்கடியில் ஒண்டின. எல்லோரும் கத்தினார்களே தவிர, யாரும் அசையவில்லை.

செங்காதன் தண்ணீருக்குள் குதித்தது. சுழித்து இழுத்த இடத்துக்கு நீந்திப் போய், ஓட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. தண்ணீர் அதைப் பின்னுக்கு இழுத்தது. 'சப்' என்று பின்புறம் ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டது. வால் மட்டும் ஓடைப் பக்கம் வெளியே தொங்கியது.

தண்ணீர் நின்றது.

"மூளையால் திறந்த ஓட்டையைப் பின்புறத்தால் அடைத்திருக்கிறேன்!" என்று கத்தியது செங்காதன். "எனக்கு எது உறுதியான உறுப்பு என்று இன்றுதான் தெரிந்தது! சிரிக்காதீர்கள், சீக்கிரம் மண்ணைப் போடுங்கள்! மூச்சு முட்டுகிறது!"

தாய்மான் கோரையனிடம் ஓடியது. வாழ்நாளில் முதல்முறையாக அதன் முகத்துக்கு நேரே பேசியது. "சேற்றைத் தள்ள உங்களைப்போல யாருக்குத் தெரியும்? தள்ளுங்கள் ஐயா!"

பன்றிகள் ஓடைக்குள் பாய்ந்தன. மூக்கால் மண்ணைத் தள்ளின. மண் கரைந்து கரைந்து சரிந்தது. முள்ளம்பன்றி இழுத்து வந்த முட்செடிகளும் நிற்கவில்லை.

"எலும்பை வைத்து அடையுங்கள்!" என்று செங்காதனின் குரல் வந்தது. அதன் வாயும் மூக்கும் மட்டும்தான் தண்ணீருக்கு வெளியே இருந்தன.

"அது என் பாட்டனுடைய தாடையாயிற்றே!" என்றது கோரையன்.

"யாருடைய பாட்டனாக வேண்டுமானாலும் இருக்கட்டும்! இப்போது ஒரு கை கொடுக்கட்டும்!"

கோரையன் மேலே நடுங்கிக்கொண்டிருந்த குட்டிகளைப் பார்த்தது. பிறகு எலும்பை மூக்கால் உருட்டி வந்து, செங்காதனின் வாலுக்குக் கீழே வைத்து அழுத்தியது. அதன்மேல் முள்ளும் மண்ணும் கல்லும் ஏறின. இந்த முறை எதுவும் சரியவில்லை.

"இப்போது வெளியே வா!" என்றார்கள். செங்காதன் வந்தது. வால் வரவில்லை. எல்லோரும் சேர்ந்து காதைப் பிடித்து இழுத்தார்கள். வாலும் வந்தது, வாலின் முடி கரையோடு தங்கிவிட்டது. பன்றிகள் உட்பக்கமும் சேற்றை அப்பி மிதித்து இறுக்கின.

பாதித் தண்ணீர் போயிருந்தது. மீதிப் பாதி மெல்ல மெல்லத் தெளிந்தது.

மாலையில் எல்லாம் கரையில் கூடின. யார் முதலில் குடிப்பது? நேற்றுத் துவண்டு விழுந்த மான்குட்டிக்கு முன்னோரும் தெரியாது, முதல் குடித்தனமும் தெரியாது. தாகம்தான் தெரியும். அது தத்தித் தத்தி இறங்கிப் போய்க் குடித்தது. இருமவில்லை.

கோரையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. "கீழே ஓடையில் நல்ல சேறு சேர்ந்திருக்கிறது," என்று தன் கூட்டத்திடம் முணுமுணுத்தது. "புரள்வதற்கு அங்கே போவோம்." குட்டிகள் குடித்தபின் பன்றிகள் குடித்தன. குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் ஓடைக்கு இறங்கிப் போயின. அன்றிலிருந்து மழை வரும்வரை அதுவே வழக்கமாயிற்று.

கொஞ்ச காலம் கழித்து வேறு காட்டிலிருந்து ஒரு கீரி வந்தது. தண்ணீர் குடிக்க வந்த செங்காதனை மேலும் கீழும் பார்த்தது. "வாலில் முடியே இல்லாத நரியை நான் கண்டதில்லை. நீர் எந்தப் பரம்பரை ஐயா?" என்று கேட்டது.

"கரையை உடைத்த பரம்பரை!" என்றது செங்காதன். "பழைய பரம்பரை இல்லை. என்னிலிருந்துதான் தொடங்குகிறது. நீர் முதலில் தண்ணீரைக் குடியும்!"

பாட்டன் பெருமையைத் தோண்டிக்கொண்டே இருந்தால், பிள்ளைக்கு இருக்கும் தண்ணீரும் ஓடிப்போகும்.