இரண்டாவது முறை சொன்னது

எலினோர் ஜெபமணி லண்டனில் பிறந்தவர். பெற்றோர் நாசரேத்துக்காரர்கள், வீட்டில் அந்த ஊர்த் தமிழ்தான். ஆங்கிலத் தொலைக்காட்சியில் அவர் போடாத வேஷம் இல்லை. நர்ஸாக வந்தார், திருடியாக வந்தார், நீதிபதியாகத் தீர்ப்புச் சொன்னார், விண்கலம் ஓட்டினார். பிணமாகப் படுத்ததற்குக் கணக்கே இல்லை. பிறகு வேஷத்தையெல்லாம் கழற்றிப்போட்டுவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆவணப்படங்களில் தன் சொந்த முகத்தோடு வந்து நின்றார்.

அவரிடம் சீடராக வந்த குணசீலன் அவரைவிட வயதில் மூத்தவர். சென்னையில் சீரியல் நடிகர். கிளிசரின் இல்லாமல் அழுவார். எதிரே நிற்பவரையும் அழவைத்துவிடுவார். அந்தத் திமிர் அவருக்கு உண்டு.

கடலில் காணாமல் போனவர்களைப் பற்றி எலினோர் எடுக்கும் படத்தில் ஒரு பகுதி குணசீலனுடையது. அது லண்டன் சேனலுக்குப் பிடித்துவிட்டால் அவருக்கென்றே ஒரு தொடர். பிடிக்காவிட்டால் திரும்பிப்போய் சீரியலில் மாமனாராக நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடற்கரைக்குப் போகும் வழியில் கேட்டார்.

“மேடம், இத்தனை வேஷம் போட்டீங்க. எது கஷ்டம்?”

“பிணம்.”

“சும்மா படுத்துக் கிடக்கிறதா?” குணசீலன் சிரித்துவிட்டார்.

“பக்கத்துல ஒருத்தர் அழுவாங்க அண்ணாச்சி. நாம ஒண்ணும் செய்யக் கூடாது.”

வலைக் கொட்டகையில் பிரகாசியம்மாள் காத்திருந்தார். கணவர் கடலுக்குப் போய் நான்கு வருடம். உடல் கிடைக்கவில்லை. தாலியை அவர் கழற்றவில்லை.

கேமரா ஓடியது.

“அன்னைக்கு எங்களுக்குள்ள சண்டை,” என்றார் பிரகாசியம்மாள். “குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு சோத்தத் தள்ளிட்டு எந்திரிச்சாரு. போனாப் போன்னு நானும் இருந்துட்டேன். ஒரு வார்த்த பேசல. அப்படியே போயிட்டாரு. அவ்வளவுதான்… அவ்வளவுதான்.”

குரல் உடைந்தது. அதே நேரம் பக்கத்து ஐஸ் கம்பெனியில் மெஷின் கடகடவென்று கிளம்பியது. ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கிவிட்டார்.

மெஷின் நிற்கும்வரை பொறுத்திருந்து குணசீலன் சொன்னார்.

“அம்மா, இன்னொரு தடவை. உப்பு, சோறு, அதெல்லாம் வேண்டாம். குரல் உடைஞ்சுது பாருங்க, அந்த இடத்துலேருந்து. கிளம்பறப்ப கடைசியா ஏதாவது சொல்லியிருப்பாருல்ல? அதைச் சொல்லி முடிங்க.”

பிரகாசியம்மாள் அவரைப் பார்த்தார். அவ்வளவு தூரம் வந்தவரிடம் எப்படி இல்லை என்பது? தலையாட்டினார்.

சற்றுத் தள்ளி ஒரு படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த எலினோர் குணசீலனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறை பிரகாசியம்மாளின் கை தானாகத் தாலிக்குப் போனது.

“வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தாரு. ‘மவள நல்லாப் பாத்துக்க’ன்னாரு. போயிட்டாரு.”

கண்ணீர் சரியான இடத்தில் விழுந்தது. கேமராக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கட்! பிரமாதம்மா!”

“சரியா வந்துச்சா தம்பி? வேணும்னா இன்னொருக்க அழுவுதேன்.”

குணசீலன் சிரித்துக்கொண்டே திரும்பினார். கொட்டகை வாசலில் பிரகாசியம்மாளின் மகள் ஜெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். இறால் கம்பெனி வேலையிலிருந்து நேராக வந்தவள். சொன்னதைக் கேட்டுவிட்டாள்.

“எம்மா… அப்பா என்னையவா சொன்னாரு? இத்தன வருசமா ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

மகள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூக்கு ஒழுகியது, வாய் கோணியது. பார்க்க அழகான அழுகை இல்லை. பழக்கதோஷத்தில் கேமராக்காரர் கேமராவைத் தூக்கினார். எலினோர் எழுந்துவந்து லென்ஸின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

மகள் முகம் கழுவ வீட்டுக்குப் போனதும் பிரகாசியம்மாள் குணசீலனிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நீங்க கேட்டியளேன்னு சொல்லிட்டேன் தம்பி. அவரு ஒண்ணும் சொல்லல. இப்ப அவட்ட நான் என்னத்தச் சொல்ல?”

குணசீலன் எலினோரிடம் வந்தார்.

“மேடம், நானே போய் அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.”

“ஒங்கப்பா உன்னைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லாமத்தான் போனாருன்னா? அதச் சொல்ல நீங்க யாரு?”

“அப்ப படத்துல முதல்ல சொன்னதையே வச்சுக்கறேன்.”

“அவ டிவில பாத்துத் தெரிஞ்சுக்கிடட்டும். அப்படித்தானே?”

“அப்ப ரெண்டாவதா?”

எலினோர் கீழே கிடந்த மைக்கை எடுத்துப் படகின்மேல் வைத்தார்.

“எதை அனுப்பறதுன்னு நீங்களே சொல்லித் தொலைங்க மேடம்!”

“எங்கிட்ட கோபப்படாதீங்க அண்ணாச்சி. அந்த அம்மா வாயில அந்த வசனத்த வச்சது யாரு?”

குணசீலன் கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவினார்.

“சார், வேற காப்பி கிடையாது,” என்றார் கேமராக்காரர்.

“தெரியும்யா.”

கார்டைக் கொண்டுபோய் பிரகாசியம்மாளின் கையில் வைத்தார்.

“நீங்க சொன்னது ரெண்டும் இதுக்குள்ளதான் இருக்கு. வேற எங்கயும் இல்லை. வச்சுக்கறதும் உடைச்சுப் போடறதும் உங்க இஷ்டம்மா.”

“அப்ப ஒங்க படம்?”

“வராது.”

பிரகாசியம்மாள் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“அவட்ட நானே சொல்லிக்கிடுதேன். இன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு ஒருநா அவ சந்தோசமாத் தூங்கட்டும். அந்தச் சண்ட எங்க சண்ட தம்பி. நாந்தான் சொல்லணும்.”

குணசீலன் தலையாட்டக்கூட மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படகருகே திரும்பி வந்தார்.

“என்ன சொன்னாங்க?” என்றார் எலினோர்.

“மகள்கிட்ட அவங்களே சொல்லிக்கறாங்களாம்.”

“அதச் சொல்லும்போது முகம் எப்படி இருந்துச்சு?”

எந்த முகத்தையும் ஒருமுறை பார்த்தால் குணசீலனுக்கு வந்துவிடும். சென்னையில் அதுதான் அவர் பிழைப்பு. புருவம் கொஞ்சம் எழும்பியது. உதடு அசைந்தது. அப்புறம் இரண்டும் இறங்கிவிட்டன.

“முடியலை மேடம்.”

“ஞாபகம் இல்லையா?”

“இருக்கு. செஞ்சு காட்ட முடியலை.”

எலினோர் சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். படகின்மேல் கிடந்த மைக்கை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“நாளைக்கு அடுத்த ஊரு. அங்கயும் நீங்கதான் கேக்கணும். பிடிங்க அண்ணாச்சி.”