மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரும் எல் போர்டு வண்டியும்

“கியரைக் கையில மாத்தற வண்டி வாங்கறதா, தானா மாத்திக்கற வண்டி வாங்கறதா? நீங்கதான் சொல்லணும்.”

பல் மருத்துவர் குழந்தைவேலு வணக்கம் சொல்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிட்டார்.

டிரைவிங் ஸ்கூல் வாசலில் தமயந்தி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் கார் பந்தயங்களில் ஓட்டியவர். கேள்வி கேட்டவரைவிட வயதில் மிகவும் இளையவர். அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளையைக் கும்பிடும் நாட்டில் இது ஒரு குறையில்லை.

“என்ன வண்டிங்க?”

“ஸ்போர்ட்ஸ் கார். மஞ்சள் கலர். காலேஜ்ல படிக்கறப்ப இருந்து ஆசை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆர்டர் கம்பெனிக்குப் போயிரும். அப்புறம் மாத்த முடியாது.”

அவர் மனைவி மரகதம் பின்னாலிருந்து சொன்னார்: “ஷோரூமுக்கு தினம் ஒண்ணு சொல்றாருங்க. ராத்திரி தூக்கமில்ல. பல்லைக் கடிக்கறாரு.”

“தினம் இல்ல. ஞாயித்துக்கிழமை ஷோரூம் லீவு,” என்று திருத்தினார் டாக்டர்.

தமயந்தி பம்பைக் கீழே வைத்தார்.

“தானா மாத்தற வண்டில என்னங்க குறை?”

“நான் ஓட்டற மாதிரியே இருக்காது.”

“கையில மாத்தறதுல?”

“நானே ஓட்டணுமே!”

இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னவர், தான் சொன்னதைத் தானே கேட்டதாகத் தெரியவில்லை.

“ஏறுங்க,” என்றார் தமயந்தி.

கூரையில் எல் போர்டு வைத்த பழைய வண்டி. டாக்டர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். பின் சீட்டில் ஏறியிருந்த மரகதத்திடமிருந்து மூக்குக் கண்ணாடி கைக்கு வந்தது. மாட்டிக்கொண்டார்.

ரொம்ப நாளாகத் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியையே ஓட்டியவர். இடது கால் கிளட்சை மறந்திருக்கும் என்று பயந்தார்.

மறக்கவில்லை. சூலூர் தாண்டிய காலிச் சாலையில் கியர்கள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தன. மிதிக்க வேண்டும் என்று நினைக்கும்போதே கிளட்ச் கீழே போயிருந்தது. விட வேண்டும் என்று நினைக்கும்போதே மேலே வந்திருந்தது. ஒரு குலுங்கல் இல்லை.

வேப்பமரத்தடியில் நிறுத்தினார். முகம் கல்லூரி மாணவனுடையதாக இருந்தது.

“மரகதம், பாத்தியா? கால் மறக்கலை!”

“பாத்தனுங்க.”

அப்போதே ஷோரூம் சாதிக்குக்கு போன் போட்டார். “கையில மாத்தறதுதான். இது ஃபைனல்.”

“சரிங்க டாக்டர்.”

போன் கை நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். பக்கத்து சீட்டில் இருந்த தமயந்தியின் காலடியில் இன்னொரு கிளட்ச் இருந்தது. அதன்மேல் தமயந்தியின் கால் இருந்தது.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவருக்கும் ஒரு கிளட்ச் உண்டு. அதை அமுக்கினால் இதுவும் இறங்கும். ஊரறிந்த விஷயம். சந்தோஷத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் மறந்துபோகும்.

“நீங்களா மிதிச்சீங்க?”

“ஆமாங்க.”

“முழுக்கவா?”

“கிளம்பினதுல இருந்து.”

டாக்டர் மறுபடி போனை எடுத்தார்.

“சாதிக், தானா மாத்தறதையே போட்டுரு.”

“சரிங்க டாக்டர்.”

அதே சரிங்க. அதே சுருதி. டாக்டருக்கு முதன்முறையாகச் சந்தேகம் வந்தது.

“தம்பி, நான் சொல்றதை நிஜமாவே மாத்தறியா?”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம்.

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க டாக்டர்.”

டாக்டர் திரும்பினார். மரகதம் ஜன்னல் வழியாக வேப்பமரத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

“மொத நாள் ஷோரூம்ல ஒண்ணு சொன்னீங்க. அதையே வச்சுக்கன்னு சாதிக்கிட்ட சொன்னேன். அப்புறம் நீங்க எப்பக் கூப்பிட்டாலும் சரின்னு மட்டும் சொல்லச் சொன்னேன்.”

“மொத நாள் நான் என்ன சொன்னேன்?”

“ஞாபகம் இல்லீங்களா?”

இல்லை. அதற்குமேல் தினம் தினம் அத்தனை முடிவுகள் குவிந்துகிடந்தன. டாக்டர் குருவைப் பார்த்தார்.

“கடைசில எது நல்லதுன்னு நீங்களும் சொல்லலையே!”

தமயந்தி செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“ஓட்டுங்க,” என்றார்.

டாக்டர் கிளட்சை மிதித்தார். கனமாக இருந்தது. முதல் கியரைப் போட்டார். காலை எடுத்தார்.

வண்டி ஆடுபோல ஒரு துள்ளு துள்ளி, இருமி, நின்றது. மரகதம் முன் சீட்டில் முட்டிக்கொண்டார். எல் போர்டு கழன்று சாலையில் விழுந்தது.



“இப்ப துள்ளுச்சே,” என்றார் டாக்டர் மெதுவாக. “அது நான்தானுங்களா?”

“நீங்களேதான்.”

டாக்டர் சிரித்தபடி கிளட்சை மிதித்து, சாவியை மறுபடி திருகினார்.

மரகதம் நெற்றியைத் தேய்த்தபடி, “மொத நாள் நீங்க சொன்னது...” என்று ஆரம்பித்தார்.

“சொல்லாத,” என்றார் அவர். “ஞாபகம் வந்துருச்சு.”