அசுரகேசத் தைலம் யாருக்குச் சொந்தம்?

செங்காட்டூர்ச் சமஸ்தானத்தில் கூத்து என்றால் குப்பமுத்துதான். கட்டியக்காரன் வேஷம் கட்டி, வெறும் குப்பியை ஆட்டிக்கொண்டு வருவான். "அசுரகேசத் தைலம்! தடவினால் தலை நிறைய முடி!" மொட்டைத் தலையில் தடவியதும், நூலில் தொங்கும் டோப்பா பொத்தென்று வந்து உட்காரும். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அப்படி ஒரு தைலம் உலகத்திலேயே கிடையாது.

கிடையாது என்றால் எண்ணெய் வியாபாரி அம்பலவாணர் விடுவாரா? அதே பெயரில் ஒன்றைக் காய்ச்சி, அரண்மனை முத்திரை வாங்கி ஒட்டி, விற்றுத் தள்ளினார். அதோடாவது நின்றாரா? "பெயர் என்னுடையது. கூத்தில் இனி யாரும் சொல்லக்கூடாது" என்று ராஜாவிடம் பிராது கொடுத்தார்.

குப்பமுத்து வேஷ மூட்டையைத் தூக்கிக்கொண்டு சபைக்கு ஓடி வந்தான். அந்தக் காட்சி போனால் அவனை யார் கூத்துக்குக் கூப்பிடுவார்கள்?

சபையில் ராஜா பூபதிவர்மர் கிரீடத்தை அழுத்திவிட்டுக்கொண்டார். "முத்திரை அவரிடம் இருக்கிறதே. கொன்றையப்பரே, நீர் என்ன சொல்கிறீர்?"

சபை வித்துவான் கொன்றையப்பருக்கு மூக்கு கூர்மை. சிம்மாசனத்துப் பக்கமிருந்து மூன்று மாதமாக ஒரு தைல வாசனை அவருக்கு வந்துகொண்டிருந்தது.

"அம்பலவாணரே, கூத்தில் வரும் தைலமும் உம்முடையதும் ஒன்றா, வேறா?"

வேறு என்றால் வழக்கே நிற்காது. "ஒன்றேதான் ஐயா! சத்தியமாக!" என்றார் வியாபாரி.

"அப்படியானால் தடவியதும் முடி முளைக்க வேண்டும். வழுக்கைத் தலை ஒன்று கிடைத்தால் இப்போதே பார்த்துவிடலாம்."

அம்பலவாணர் சுற்றிப் பார்த்தார். எல்லார் தலையிலும் தலைப்பாகை. எவன் அவிழ்ப்பான்? தெம்பாகச் சிரித்தார்.

ராஜா மெதுவாகக் கிரீடத்தைக் கழற்றினார். தலை பளபளத்தது.

"மூன்று மாதமாகத் தடவுகிறேன். இருந்த நாலு முடியும் போய்விட்டது, அம்பலவாணரே."

"ஐயோ மகாராஜா! அது வேறே தைலம்!"

"வேறா? அப்படியானால் அடுத்தவன் பெயர் உமக்கு எதற்கு? வைத்துவிட்டுப் போம்" என்றார் கொன்றையப்பர்.

ராஜா குப்பமுத்துவின் பக்கம் திரும்பினார். "உன் தைலமாவது வேலை செய்யுமா?"

குப்பமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூட்டையை அவிழ்த்தான். வெறும் குப்பியை ராஜாவின் தலையில் கவிழ்த்தான், தடவினான், டோப்பாவைப் பொத்தென்று வைத்தான்.

ராஜா கண்ணாடி கேட்டார். பார்த்தார். சபை அதிரச் சிரித்தார். கைக்காப்பைக் கழற்றி அவன் கையில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"இனி அசுரகேசத் தைலம் கூத்தில் மட்டும்தான் இருக்கும். அங்கேதான் அது வேலை செய்கிறது!"