மணிக்கு விட்ட இடம்

மலையடிவாரத்துச் சவேரியார் கோயிலில் தரை கூட்டுவதும் மணி அடிப்பதும் சிங்கராயர் வேலை. விடியற்காலையில் மணிக்கயிற்றைப் பிடித்தபடி வாய்க்குள்ளேயே ஒரு பாட்டுப் பாடுவார். அவரே கட்டிய மெட்டு. ஒவ்வோர் அடியின் நடுவிலும் சட்டென்று நிறுத்திக் கயிற்றை இழுப்பார். அந்த இடத்தில் மணி ஒரு முறை ஒலிக்கும். "பாதி நான் பாடுறேன், பாதி சாமி பாடட்டும்" என்பார். நிலமா, நீச்சா, பெண்டு பிள்ளையா? ஆண்டவருக்குப் படைக்க அந்த ஏழையிடம் இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

அமெரிக்காவிலிருந்து எல்பர்ட் என்றொரு பாடகர் ஆண்டுதோறும் அவ்வூருக்கு வந்து தங்குவார். பாஞ்சோ என்னும் தந்திக் கருவியை மீட்டித் தம் நாட்டு மலைக்குடிகளின் பாட்டுகளைப் பாடிப் பெரும்புகழ் பெற்றவர். சிங்கராயரின் மெட்டைக் கேட்டுச் சொக்கிப்போய், மணிக்கூண்டிலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். மணிக்கயிற்றைத் தொட்டு, "உம்ம பேரு சொல்லாம இத எங்கயும் பாட மாட்டேன், சிங்கராயரே" என்று அரைகுறைத் தமிழில் சத்தியமும் செய்தார். சிங்கராயர் அவரைக் கூடப்பிறந்தவராகவே நேசித்தார்.

எல்பர்ட் இறந்துபோன செய்தி வந்தது. சிங்கராயர் அழுதுகொண்டே துக்க மணி அடித்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அவருடைய கடைசி இசைத்தட்டைக் கேட்க ஊரார் கோயில் முற்றத்தில் கூடினார்கள். இன்னாசி வாத்தியார் உறையில் இருந்ததைப் படித்தார்: "மணிப் பாட்டு. மெட்டு, எல்பர்ட்."

"வாத்தியாரே, அது என் மெட்டுங்க. என் பேரு எங்கயாச்சும் இருக்கா, நல்லாப் பாருங்க."

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எங்கும் இல்லை.

"தொர உம்மகிட்டக் கயிறு இழுக்கத்தான் கத்துருப்பாரு!" என்றார் ஒருவர். முற்றமே சிரித்தது.

ஐயோ, நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டாரே! பகைவன் செய்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். சிங்கராயர் தலையில் அடித்துக்கொண்டார்.

"செத்தவரு மேல பழி போடாதய்யா" என்றார் பங்குச் சாமியார். "அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லு."

சிங்கராயர் முழந்தாளிட்டார். தீமை செய்தவர்களை மன்னிக்கிறோம் என்னும் இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானே சாமி!" என்று ஆண்டவரிடம் விம்மினார். பிறகு, "போகட்டும். உமக்குப் பாடுனதுதானே? நீர் கேட்டீரே, போதும்" என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடங்கி மந்திரத்தை முடித்தார்.

இசைத்தட்டு சுழன்றது. எல்பர்ட்டின் குரல் எழுந்து, அடியின் நடுவில் சட்டென்று நின்றது. தட்டில் கீறல் போலும் என்று வாத்தியார் முள்ளைத் தூக்கக் கை நீட்டினார்.

மேலே மணி ஒலித்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கயிறு ஆணியில் முடிச்சிட்டபடியே கிடந்தது, இம்மியும் அசையவில்லை. அடுத்த அடியிலும் குரல் நின்றது, மணி ஒலித்தது. பாட்டு முடியும்வரை ஓர் இடம்கூடத் தப்பவில்லை. சிரித்தவர்களெல்லாம் முழந்தாளிட்டார்கள். முதலில் முழந்தாளிட்டவர் பங்குச் சாமியார்தாம்.

எல்பர்ட் செய்த துரோகம் துரோகம்தான். அந்தக் காயம் சிங்கராயருக்குக் கடைசிவரை ஆறவில்லை. ஆனாலும் சாகும்வரை ஒவ்வோர் ஆண்டும் எல்பர்ட் இறந்த நாளில் அவருக்காகத் துக்க மணி அடித்தார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இந்த ஏழையின் சொல்லை ஆண்டவரே மணிக்கூண்டில் ஏற்றிவைத்தார். சிங்கராயர் மனம் அவ்வளவு பெரிது.