மூணாவது குழி

மாப்ளைகளா, ஞானக் கதைன்னு சொன்னதும் மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க? பரீட்ச ஹால்ல கூட நீங்க இவ்வளவு பயந்து நான் பாத்ததில்ல.

தாடி வச்ச சாமியார் வருவாரு, ஆத்தங்கர வரும், கடைசில எல்லாரும் கண்ண மூடி ஒக்காரணும்னு நினைக்காதீங்க. என் குருவுக்குத் தாடி கெடயாது. பேரு சங்கரகோமதி. நம்மகூட பத்தாப்பு படிச்சவ.

உங்கள்ல பாதிப் பேரு அவளுக்கு லவ் லெட்டர் குடுத்ததும், அத அவ செவப்பு இங்க்ல தப்பு திருத்தித் திருப்பிக் குடுத்ததும் எனக்குத் தெரியும். பேரெல்லாம் சொல்ல மாட்டேன். சோலையப்பா, நீ தலைய தூக்கு.

அவ பன்னெண்டாப்போட படிப்ப நிறுத்திட்டு தென்காசி ரோட்டுல நர்சரி போட்டா. நான் இன்ஜினியரிங் மூணாம் வருஷத்துல நிறுத்திட்டு ஒண்ணுமே போடல.

அவ்வளவுதான் வித்தியாசம்.

*

ஒரு நாள் காலைல அவகிட்ட போயி நின்னேன்.

"குருவே, வீட்டுக்குப் பின்னாடி என்ன பழ மரம் வைக்கலாம்?"

கன்னுகளுக்குப் பூவாளில தண்ணி ஊத்திக்கிட்டே கேட்டா.

"எதுக்கு?"

"பழம் திங்கத்தான்."

"பழம் மார்க்கெட்டுல கெடைக்குது. எதுக்கு?"

கொஞ்ச நேரம் ஒரு மாதுளங்கன்னையே பாத்துக்கிட்டு நின்னேன்.

"எங்கப்பா எங்கூடப் பேசணும்."

பூவாளியக் கீழ வச்சா.

*

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். என்னைய காலேஜ்ல சேக்கத்தான் அப்பா பழைய வீட்ட வித்தாரு. நான் காலேஜ விட்டேன். அவரு எங்கூடப் பேசுறத விட்டாரு.

பதினாலு மாசம்.

கத்தி ஏசிருந்தா கூட பரவால்ல. நான் எதுத்தாப்புல ஒக்காந்திருப்பேன். அவரு அம்மாவப் பாத்து, "அவன சாப்பிடச் சொல்லு"ம்பாரு. நானும் அம்மாவப் பாத்து, "பசிக்கலன்னு சொல்லு"ம்பேன். அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி, கழுத்து வலிக்குத் தைலம் தேய்ச்சதுதான் மிச்சம்.

*

சட்டப் பையிலேர்ந்து ஒரு பேப்பர எடுத்து நீட்டுனேன். பழைய வீட்டுக்குப் பின்னாடி இருந்த மரத்தையெல்லாம் அதுல எழுதியிருந்தேன்.

கோமதி ஒண்ணொண்ணா வாசிச்சா.

"சப்பட்ட மா."

"அப்பாதான் பறிப்பாரு. காம்புலேர்ந்து வடியிற பாலு என் மேல பட்டா புண்ணாகும்னு என்னைய பின்வாசல்ல நிறுத்தி வைப்பாரு. அங்கேர்ந்தே எந்தக் காய்னு நான் கை காட்டணும்."

"மாதுள."

"அணில் கடிக்காம இருக்க காய்க்குக் காய் துணி கட்டுவாரு. மில்லுல ஃபிட்டரா இருக்காருல்ல, அந்தப் பழைய மில் சட்டையக் கிழிச்சு. நீலச் சட்ட. பின்தெருவுலேர்ந்து பாத்தா நாலு ஃபிட்டரு மரத்துல ஏறி வேல பாக்குற மாதிரி இருக்கும்."

"சீத்தா."

"அரிசி டின்னுக்குள்ள பழுக்கப் போடுவோம். ஒரு தடவ எல்லாருமே மறந்துட்டோம். ஒரு வாரம் சோத்துல சீத்தாப்பழ வாசன. அம்மா அழுகுற மாதிரி ஆயிட்டாங்க. அப்பா நல்லாத்தான இருக்குன்னு ரெண்டாவது தடவயும் சோறு வாங்கித் தின்னாரு."

"கொய்யா."

"உச்சிக் கொப்புல மாட்டிக்கிட்டேன். அப்பா பக்கத்து வீட்டுல ஏணி கேக்கப் போனாரு. அவரு வாரதுக்குள்ள பயத்துல ஏழு காயத் தின்னுட்டேன்."

"அரநெல்லி. எலுமிச்ச. களா வேலி." கோமதி பேப்பர மடிச்சா. "இப்ப அங்க என்ன இருக்கு?"

"மூணு மாடி. மாமரம் நின்ன எடத்துல கார் நிக்குது."

"இப்ப நீங்க இருக்குற வீட்டுல பின்னாடி எவ்வளவு எடம்?"

"பதினெட்டடிக்குப் பன்னெண்டடி."

"ஏழையும் அதுல வச்சிட்டு துணிய எங்க காயப் போடுவீங்க?"

"அதான குருவே உங்கிட்ட வந்தேன். எது ஒண்ண வைக்கிறது? எதப் பாத்தா அவரு வாயத் தொறப்பாரு?"

அவ அந்தப் பேப்பர என் பையிலயே திரும்ப வச்சா. ஷெட்டுக்குள்ள போயி ஒரு கடப்பாரையும் ஒரு மம்பட்டியும் எடுத்துட்டு வந்து என் தோள்ல சாத்துனா.

"குழி தோண்டு. மூணடி அகலம், மூணடி ஆழம். தோண்டிட்டு பதினஞ்சு நாள் வெயில்ல ஆறப் போடு. அப்புறம் வா."

"எந்த மரத்துக்கு?"

"தோண்டு."

*

மறுநாளே போயிட்டேன்.

"தோண்டியாச்சு குருவே."

"கையக் காட்டு."

காட்டுனேன். திருப்பித் திருப்பிப் பாத்தா.

"பரோட்டாவுக்கு மாவு பெசஞ்ச கை மாதிரி இருக்கு. ஒரு கொப்புளம் கூட இல்ல."

வந்த வழியே திரும்புனேன்.

அதுதான மாப்ளைகளா என் சீக்கு. டைப்ரைட்டிங் ரெண்டு மாசம். கராத்தே, சேந்த அன்னைக்குக் குடுத்த வெள்ள பெல்ட்டோட சரி. காலேஜ் அஞ்சு செமஸ்டர். குழி தோண்டுறதயும் பாதியில விட்டா மண்ணு என்ன நினைக்கும்?

*

மொதக் குழிக்கு ரெண்டு நாள் ஆச்சு. பின்செவுத்துக்குப் பக்கத்துல, நிழலா இருந்த எடத்துல தோண்டுனேன். நிழல் எனக்கு.

அப்பா மொத ஷிஃப்ட் முடிஞ்சு வந்தாரு. டீ கிளாஸோட பின்வாசல்ல நின்னாரு. குழியப் பாத்தாரு. குழிக்குள்ள நிக்கிற என்னைய விட்டுட்டு சமையக்கட்டு ஜன்னலப் பாத்தாரு.

"அவன்கிட்ட சொல்லு. செவுத்த ஒட்டி வச்சா வேரு அஸ்திவாரத்துக்குள்ள போகும்."

"கேட்டுச்சாடா?"ன்னாங்க அம்மா உள்ளேர்ந்து.

"கேட்டுச்சுன்னு சொல்லும்மா."

அம்மா ஏதோ ஒரு பாத்திரத்த டொங்குன்னு வச்சாங்க.

போயி குருகிட்ட சொன்னேன்.

"யாரப் பாத்துச் சொன்னாரு?"

"ஜன்னலப் பாத்து."

"குழிய மூடு. வேற எடத்துல தோண்டு."

"ரெண்டு நாள் ஒழைப்பு குருவே. இடுப்பு போச்சு. கன்னு எதுன்னாவது சொல்லு."

அதுக்குள்ள அவ வேற ஒரு ஆளுக்கு எலுமிச்சங்கன்னு எடுத்துக் குடுக்கப் போயிட்டா.

*

ரெண்டாவது குழிய நடுவுல தோண்டுனேன். பாதி ஆழம் போயிருப்பேன். அப்பா வந்து நின்னாரு.

ஜன்னலப் பாத்தாரு. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாங்க.

கொஞ்ச நேரம் காத்துக்கிட்டிருந்தாரு. டீ ஆறிப்போச்சு. பக்கத்து வீட்டு மதில் மேல ஒரு பூன ஒக்காந்திருந்துச்சு. அதப் பாத்தாரு. பூன மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

அப்புறம் வந்துச்சு.

"லூசுப்பயலே, மேல் மண்ண ஏன்டா அடி மண்ணோட கலக்குற? மேல இருக்குறதுலதான்டா சத்து. அத ஒரு பக்கம் போடு, இத ஒரு பக்கம் போடு."

நான் நிமிந்து பாக்கல. நிமிந்தா நிறுத்திருவாரோன்னு பயம்.

"எடமும் சரியில்ல. அடியில கக்கூஸ் குழா போகுது."

அவ்வளவுதான். உள்ள போயிட்டாரு. ராத்திரி மறுபடியும் அம்மாவப் பாத்து, "அவன சாப்பிடச் சொல்லு."

*

"என்ன சொன்னாரு?"ன்னு கேட்டா கோமதி.

"லூசுப்பயலேன்னாரு."

"யாரப் பாத்து?"

"என்னையப் பாத்து."

அவ தொட்டியில பூவாளிய முக்குனா.

"குருவே, இப்பவாவது எந்த மரம்னு சொல்லிரு."

"குழி சரியா வந்துச்சா?"

"இல்ல. அடியில குழா போகுதாம்."

"அப்ப இங்க எதுக்கு வந்த?"

*

மூணாவது குழிய ஞாயித்துக்கிழமையாப் பாத்து ஆரம்பிச்சேன். அப்பாவுக்கு லீவு. கிழக்கு மூலையில தோண்டுனேன்.

ரெண்டடி போனதும் வந்தாரு. குழியப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. அண்ணாந்து பாத்தாரு.

நேர் மேல கரண்ட் வயரு. போஸ்ட்டுலேர்ந்து வீட்டுக்கு வார வயரு.

"கண்ணு எங்கடா வச்சிருக்க? மரம்னா மேல வளராதா? நாளைக்குக் கொப்பு போயி அதத் தொட்டா என்னடா ஆகும்? ஈரக் கையோட ஒங்கம்மா கீழ நின்னா என்னடா ஆகும்?"

ஜன்னலப் பாக்கல. பூனையத் தேடல. பத்து நிமிஷம் நிறுத்தாம எனக்கே எனக்கு. அம்மா ஜன்னல்ல வந்து நின்னு, கழுத்தத் தடவிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாங்க.

அப்புறம் சட்டையக் கழட்டி கொடியில போட்டாரு. கைலிய மடிச்சுக் கட்டுனாரு.

"வெளிய வா. கடப்பாரையக் குடு."

மேக்குப் பக்கம் நாலு தடவ நடந்து பாத்தாரு. வெயிலப் பாத்தாரு. குதிகாலால ஒரு கோடு கிழிச்சாரு. குத்துனாரு. மேல் மண்ணு ஒரு பக்கம், அடி மண்ணு ஒரு பக்கம். அவரு குத்த குத்த நான் மம்பட்டியில அள்ளுனேன்.

"பழைய வீட்டுல இருந்ததையே வைக்கலாம்னு நெனச்சேன்ப்பா"ன்னேன்.

"அங்க நான் வச்சது மாதுள ஒண்ணுதான்."

"மத்ததெல்லாம்?"

"மா, வீட்ட வாங்கும்போதே நின்னுச்சு. அரநெல்லி ஏதோ பறவ போட்டது. சீத்தா நீ துப்புன கொட்ட. கொய்யா பக்கத்து வீட்டு மரத்தோட வேரு, செவுத்துக்கு அடியில நொழஞ்சு வந்து மொளச்சது."

"எலுமிச்ச?"

"ஒங்க மாமா கல்யாணத்துல தாம்பூலப் பையோட குடுத்த கன்னு. பிழைக்காதுன்னு நெனச்சேன்."

"களா?"

"ஆடு வருதுன்னு ஒங்கம்மா வச்சா."

பையில இருந்த லிஸ்ட்டு வேர்வையில நனஞ்சு நெஞ்சுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அத நான் வெளிய எடுக்கல.

"அந்த வீட்டு நெனப்பு ஒங்களுக்கு வருமாப்பா?"

ரெண்டு குத்து குத்துனாரு. கல்லு ஒண்ணு வந்துச்சு. அத எடுத்து வெளிய போட்டாரு.

"மில்லுக்கு அந்தத் தெரு வழியாத்தான் போறேன்."

"அது சுத்தாச்சேப்பா."

"ஆமா. சுத்துதான்."

அதுக்கு மேல ரெண்டு பேரும் பேசல. ஆனா அது வேற மாதிரி பேசாம இருந்தது. உங்களுக்குப் புரியாது, நீங்க வாய மூடி நான் பாத்ததே இல்ல.

*

பதினஞ்சு நாள் குழி வெயில்ல கெடந்துச்சு. பதினாறாவது நாள் அப்பா சைக்கிள எடுத்தாரு. என்னைய பின்னாடி ஏறச் சொன்னாரு. என்கிட்டதான் சொன்னாரு.

நர்சரில கோமதி, "வாங்கப்பா"ன்னா. எனக்கு ஒரு வணக்கம் கூட கெடயாது. சிஷ்யனுக்கு அவ்வளவுதான் மருவாத.

அப்பா ஒவ்வொரு பையா தூக்கி, வேரு அடியில சுத்திக் கெடக்கான்னு பாத்தாரு. ஒட்டுக் கன்னுல ஒட்டுப் போட்ட எடத்த கட்டவெரலால தடவிப் பாத்தாரு. ஒரு எல கிள்ளி மோந்தாரு. மில்லுல மெஷின திருப்புளியோட சுத்தி வருவாரே, அதே நட. கோமதி அவரு பின்னாடியே போயி ஏதோ கேக்க, அவரு ஏதோ கையாட்டிச் சொல்லிக்கிட்டிருந்தாரு. குழிக் கதையாத்தான் இருக்கும். என்னையக் காட்டி ஒரு தடவ தலையில அடிச்சுக்கிட்டாரு.

கடைசில ரெண்டு பைய எடுத்து முன்னாடி வச்சுக்கிட்டு குத்த வச்சு ஒக்காந்தாரு. ரொம்ப நேரம் அதையும் இதையும் பாத்தாரு. அப்புறம் அங்கேர்ந்தே சத்தம் போட்டாரு.

"டேய், கொய்யாவா அரநெல்லியா? ஒன்னத்தான் கேக்குறேன்."

நாலு பேரு கன்னு வாங்க நிக்கிற எடம். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

"வாரேன்ப்பா"ன்னேன்.



கோமதி எம்பக்கத்துல வந்து நின்னா. கையில பூவாளி. அப்பாவுக்குக் கேக்காத மாதிரி கேட்டா.

"அஞ்சு செமஸ்டர் எலக்ட்ரிக்கல் படிச்சவன் நீ. மூணாவது குழிய கரண்ட் வயருக்கு நேர் கீழ தோண்டியிருக்க. கண்ணு தெரியலயா?"

"தெரிஞ்சுச்சு."

"அப்புறம்?"

"திட்டட்டும்னுதான் தோண்டுனேன்."