ஓர் அம்புத் தூரம்

"ஆசானே, இந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்றிருக்கிறது" என்றான் வேட்டன்.

கொற்றி வில்லுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பது வயது, மாணவனுக்கு ஐம்பது. அதனால் அவனை 'நீர்' என்றுதான் கூப்பிடுவாள்.

"கை என்ன செய்தது உமக்கு?"

"நாளைக்குச் செய்யப்போகிறது."

அந்த மலைநாட்டில் தூரத்தை அம்பால்தான் சொல்வார்கள். மேய்ச்சல் நிலம் இரண்டு அம்பு. சுடுகாடு நான்கு அம்பு. ஒருவரை ஊர்விலக்கம் செய்தால், அவருக்கும் ஊராருக்கும் நடுவே ஓர் அம்புத் தூரம் இருக்க வேண்டும். மன்றத்தில் நின்று வில்லாளி எய்து காட்டுவான்.

இந்தமுறை எய்ய வேண்டியவன் வேட்டன், விலக்கப்பட்டவள் செம்பி. கணவனைப் போரில் இழந்தவள். காயம்பட்டுக் கிடந்த எதிரி வீரன் ஒருவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டாள். குற்றம் அவ்வளவுதான்.

"நான் எய்தால் அம்பு சுனையைத் தாண்டிப் போய் விழும். அதற்கப்பால் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கைக்குழந்தைக்காரி, செத்துப்போவாள். மெதுவாக இழுக்கலாமென்றால், எப்போதும் நாணைக் காதுவரை இழுப்பேன் என்று உங்களிடம் சத்தியம் செய்திருக்கிறேன்."

"நாளைக்கு நான் எய்கிறேன். நீர் சும்மா இரும்."

மறுநாள் காலை மன்றத்தில் ஊரே கூடியது. நடுவில் செம்பி, இடுப்பில் குழந்தை.

கொற்றி நாணைக் காதுவரை இழுத்தாள். அந்த இழுப்பைப் பார்ப்பதற்காகவே எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறி வரலாம். வேட்டனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வில்லை நேராக வானத்துக்கு நிமிர்த்தி அம்பை விட்டாள்.

அம்பு கண்ணுக்கு மறைந்தது.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. போன அம்பு கீழே வருமே!

முதலில் ஓடியவர் ஊர்த்தலைவர். நழுவிய மேலாடையைக்கூட அவர் எடுக்கவில்லை. பின்னாலேயே ஊர் தலைதெறிக்க ஓடியது. வேட்டனும் பத்தடி ஓடினான். திரும்பிப் பார்த்து வெட்கப்பட்டு நின்றான்.

செம்பி குழந்தையின்மேல் கவிந்திருந்தாள். கொற்றி அவர்கள் இருவர்மேலும் கவிந்திருந்தாள்.

நாலடி தள்ளி அம்பு மண்ணில் குத்தி நின்றது.

சுனைக்கு அப்பாலிருந்து தலைவர் மூச்சு வாங்கக் கத்தினார். "என்ன காரியம் செய்தாயம்மா! தண்டனை என்னாவது?"

கொற்றி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். கண்ணைச் சுருக்கி, ஊரார் நிற்கும் இடத்தைப் பார்த்தாள்.

"வேட்டரே, அளவு சரியாகத்தான் இருக்கிறது. அங்கேயே குடிசை போட்டுக்கொள்ளச் சொல்லும்."