மறுதரப்பையும் கேள்

“மேடம், நீங்க அதைத் தப்பாச் சொல்றீங்க,” என்றான் இஞ்ஞாசி.

வழக்கறிஞர் மங்கையர்க்கரசி கேஸ் கட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

“எதை?”

“ஆடி ஆல்ட்ரம் பார்ட்டம்னு சொல்றீங்க. அது ‘அவுதி ஆல்தெராம் பார்த்தெம்’.”

“அர்த்தம் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். மறுதரப்பையும் கேள். ஒருத்தர் பேச்சை மட்டும் வச்சுத் தீர்ப்புச் சொல்லாதே.”

“சரி.”

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இஞ்ஞாசி பாதிரியாராகப் படிக்கப் பல வருடம் குருமடத்தில் இருந்தவன். குருப்பட்டம் பெறுவதற்கு முன்னால் வெளியே வந்து, சட்டம் படித்து, நாகர்கோவிலில் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்திருந்தான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அலுவலகத்தில் எல்லோரும் அவனை இன்னும் ‘பிரதர்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

மங்கையர்க்கரசிக்கு லத்தீன் தெரியாது. ஆனால் அவர் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் தண்ணீர் குடிப்பார்.

“ஹேபியஸ் கார்ப்பஸ்னா உடலை உடையவனாய் இரு. அலிபைன்னா வேறோர் இடத்தில். சைனே டைன்னா நாள் குறிக்காமல். எல்லாத்துக்கும் அர்த்தம் தெரிஞ்சவன் நான். இன்னும் ஒரு சாட்சியைக்கூட என்னை விசாரிக்க விட மாட்டேங்கிறீங்க. ஏன் மேடம்?”

“வெளியே ஒரு அம்மா வந்து ரொம்ப நேரமா நிக்குது. கூப்பிடுங்க.”

*

அவள் பெயர் பனியம்மாள். கடற்கரை ஊர். கணவன் சேசடிமை கடலுக்குப் போய் ஏழு வருடம் தாண்டிவிட்டது. வள்ளமும் கிடைக்கவில்லை. ஆளும் கிடைக்கவில்லை.

“என்ன வேணும்மா உங்களுக்கு?” என்றான் இஞ்ஞாசி.

“இந்தத் தாலிய என்ன செய்யணும்னு தெரியணும், பிரதர்.”

அவன் பேனாவைத் திறந்தான்.

“கழட்டினா அவரு செத்துட்டாருன்னு நானே சொன்ன மாதிரி. போட்டிருந்தா வருவாருன்னு சொல்ற மாதிரி. ஐஸ் கம்பெனியில பெர்க்மான்ஸ்னு ஒருத்தரு இருக்காரு. நல்ல மனுசன். அவருக்கும் ஒரு பதில் சொல்ல முடியல.”

“சட்டத்துல வழி இருக்கு. ஏழு வருஷமா ஒருத்தர் உயிரோட இருக்கிறதா எதுவும் காதில் விழலைன்னா, கல்யாணத்தை முறிச்சுக்கலாம். நீங்க அவரைப் பத்தி எதுவும் கேள்விப்படலையே?”

பனியம்மாள் சேலை முந்தியைத் திருகினாள்.

“தினமும் கேக்குது, பிரதர்.”

“எது?”

“அவரு வாறது. உச்சி வெயிலுக்கு. ஈரக் காலோட முற்றத்துல நடந்து வந்து, கால் கழுவி, ஒரு தடவ இருமிட்டு, வாசல்ல நிப்பாரு.”

இஞ்ஞாசியின் பேனா நின்றது.

“ஆளைப் பாத்தீங்களா?”

“பாக்கல. கேக்குது.”

“அம்மா, இதைக் கோர்ட்ல மட்டும் சொல்லிராதீங்க.”

மங்கையர்க்கரசி முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார்.

“எத்தனை நாளா?”

“அவரு போன மறுநாள்லேருந்து.”

*

மனு தயாரானது. எதிர்மனுதாரர் பெயர்: சேசடிமை. விலாசம் என்ற இடத்தில் இஞ்ஞாசி தயங்கினான்.

“அவரு கடைசியா இருந்த வீடு எது?”

“என் வீடுதான்.”

ஆகவே, அவள் கணவன்மேல் போட்ட வழக்கின் நோட்டீஸ் அவள் வீட்டுக்கே போனது. தபாலில் போனது திரும்பி வந்தது. பிறகு அதைக் கதவில் ஒட்டிவிட்டு வரச்சொல்லி நீதிமன்றம் அமீனாவை அனுப்பியது.

அமீனா நோட்டீஸை ஒட்டினார். முறைப்படி எதிர்மனுதாரரின் பெயரைச் சொல்லி வாசலில் நின்று கூப்பிட்டார்.

கோர்ட் ஆபீஸுக்குத் திரும்பி வந்தவர் பசை டப்பாவை மேசைமேல் வைத்தார்.

“ஒட்டியாச்சு. அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை போகணும்னா வேற ஆளை அனுப்புங்க.”

“ஏன், என்ன ஆச்சு?” என்றான் அங்கே வந்திருந்த இஞ்ஞாசி.

“ஒண்ணும் ஆகல. பெயரைக் கூப்பிட்டேன். முதுகுக்குப் பின்னால யாரோ இருமினாங்க.”

*

“வாங்க, பிரதர். அந்த வீட்டைப் பாத்துட்டு வருவோம்,” என்றார் மங்கையர்க்கரசி.

உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். சிமெண்டு முற்றம். ஒரு மூலையில் நீல டிரம், காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. வாசலுக்கு நேரே ஒரு நாய் படுத்திருந்தது. கதவில் நோட்டீஸ்.

பனியம்மாள் அடுக்களையில் அரிவாள்மனைமுன் உட்கார்ந்து மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் நடுவறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

நாய் எழுந்தது. ஆள் வரும்போது வழிவிடுகிறதைப் போல ஓரமாகப் போய்ப் படுத்தது.

பிறகு காலடி.

சப். சப். சப். ஈரக் கால் சிமெண்டில் படுகிற சத்தம்.

முற்றம் முழுக்க வெயில். பறந்துபோன காக்கையின் நிழல்கூடத் தெளிவாக விழுந்தது. வேறு நிழல் எதுவும் இல்லை.

டிரம்மில் குவளையை முக்கும் சத்தம் கேட்டது. கவிழ்ந்த டிரம் கவிழ்ந்தபடியே இருந்தது. தண்ணீர் காலில் ஊற்றப்பட்டது. ஒரு கால். மறு கால்.

ஒரு இருமல்.

அப்புறம் சத்தமே இல்லை. ஆனால் வாசல் காலியாக இல்லை.

“இனி கொஞ்ச நேரம் நிப்பாரு. அப்புறம் போயிருவாரு,” என்றாள் பனியம்மாள், மீனைப் பார்த்தபடியே.

“உள்ள வர மாட்டாரா?” என்றார் மங்கையர்க்கரசி.

“மாட்டாரு.”

“நீங்க?”

“நான் நிமிர மாட்டேன்.”

இஞ்ஞாசியின் உதடுகள் தாமாக அசைந்தன. இறந்தவர்களுக்கான பழைய லத்தீன் செபம். “ரெக்வியெம் ஏத்தெர்னாம்…”

வாசலில் மறுபடி இருமல். புரியாத பாஷையில் யாராவது நீட்டிப் பேசினால் இருமுவோமே, அப்படி.

அவன் செபத்தை நிறுத்தினான்.

“பிரதர்,” என்றார் மங்கையர்க்கரசி. “கேட்டீங்களா?”

“கேட்டுது, மேடம்.”

“கேட்டுச்சான்னு நான் கேக்கல. கேட்டீங்களான்னு கேட்டேன்.”

அடுக்களையில் மீன் நறுக்கும் சத்தம் நின்றது.

மங்கையர்க்கரசி எழுந்து வாசலுக்குப் போனார். சேலையை ஒடுக்கிக்கொண்டார்.

“கொஞ்சம் வழி விடுங்க,” என்றார்.

ஒரு நொடி காத்திருந்தார். பிறகு ஒருக்களித்து, யாரையோ இடிக்காமல் தாண்டுகிறவரைப் போல வெளியே இறங்கினார்.

நாய் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து படுக்கும்வரை இஞ்ஞாசியால் எழுந்திருக்க முடியவில்லை.

*

பேருந்தில் கேட்டான்.

“மேடம், அது என்ன?”

“எதிர்மனுதாரர்.”

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தான். நாகர்கோவில் வருவதற்கு முன்னால் மறுபடி ஆரம்பித்தான்.

“அந்த அம்மா பைபிள்மேல கை வச்சு, எதுவும் கேக்கலைன்னு சொன்னா அது பொய்ச் சத்தியம். கேக்குதுன்னு சொன்னா கேஸ் போச்சு.”

“ஆமா.”

“நானே என் காதால கேட்டிருக்கேன். இனி எப்படி நான் அவங்களைச் சொல்ல வைப்பேன்?”

“ஆமா.”

“என்னதான் செய்யணும்?”

“சாட்சியை நீங்களே விசாரிங்க,” என்றார் மங்கையர்க்கரசி.

இவ்வளவு காலம் அவன் ஆசைப்பட்டது. இப்போது வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது.

*

விசாரணை நாள். டவாலி வராந்தாவில் நின்று குரல் கொடுத்தார்.

“சேசடிமை! சேசடிமை! சேசடிமை!”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடைசிப் பெஞ்சில் பெர்க்மான்ஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் இருமவில்லை.

“ஆஜரில்லை. எக்ஸ்பார்ட்டி, ஒருதரப்பு விசாரணை,” என்று நீதிபதி குறித்துக்கொண்டார். “மேலே போங்க.”

பனியம்மாள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். பெயர், ஊர், திருமணம் நடந்த கோயில், எல்லாம் சொன்னாள்.

இஞ்ஞாசி அடுத்த கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருந்தான். ‘கடந்த ஏழு ஆண்டுகளில் உங்கள் கணவர் உயிருடன் இருப்பதாக ஏதேனும் கேள்விப்பட்டீர்களா?’

வாயைத் திறந்தான். அந்த வாக்கியம் வரவில்லை. தொண்டையில் இருந்ததுதான் வந்தது.

“அவரைக் கேட்டீங்களா, அம்மா?”

பனியம்மாள் அவனைப் பார்த்தாள். கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

“இல்ல, பிரதர்.”

நீதிபதி எழுத ஆரம்பித்தார்.

“ஒரு தடவகூடக் கேக்கல,” என்றாள் அவள். “அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்ட. உச்சிக்குக் கால் கழுவிட்டு வாசல்ல வந்து நின்னு, போயிட்டு வாறேன்னாரு. நான் நிமிரல. ஏன் நிக்கிறீங்க, என்ன வேணும்னு… ஒரு வார்த்த நான் கேக்கல.”

அதற்குமேல் அவள் சொன்னது அழுகையில் கலைந்துபோனது.

நீதிபதி பேனாவை நிறுத்தினார்.

“என்ன சொல்றாங்க?”

இஞ்ஞாசி நிமிர்ந்து நின்றான்.

“கேட்கவில்லை என்கிறார், ஐயா.”

“கேள்விப்படவில்லை,” என்று சொல்லியபடியே நீதிபதி எழுதினார். “போதும். உத்தரவு நாளைக்கு.”

*

வராந்தாவில் மங்கையர்க்கரசி தூணோரம் நின்றிருந்தார்.

“நான் பொய் சொன்னேனா, மேடம்?”

அவர் முற்றத்தைப் பார்த்தார். மரத்தின் நிழல் குறுகிக்கொண்டிருந்தது.

“உத்தரவு நாளைக்குத்தானே, பிரதர்? உச்சிக்கு இன்னும் நேரம் இருக்கு. பஸ் கிடைக்கும்.”

பின்னாலேயே வெளியே வந்த பனியம்மாள் அதைக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட வந்த பெர்க்மான்ஸிடம் “நீங்க இங்கேயே இருங்க” என்றாள். அவர் ஏன் என்று கேட்காமல் வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பேருந்தில் அவளும் இஞ்ஞாசியும் மட்டும் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுக்களைக்குப் போகவில்லை. கதவை அகலத் திறந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றாள். இஞ்ஞாசி மதிலோரம் ஒதுங்கினான். ஆனாலும் போகவில்லை.

நாய் எழுந்து ஓரமாகப் போனது.

சப். சப். சப்.

தண்ணீர். ஒரு கால். மறு கால்.

இருமல்.

பனியம்மாள் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். அவள் கண்கள் வெறும் வெயிலில், ஒரு ஆணின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் வந்து நின்றன. கை தானாக முந்தியைச் சரிசெய்தது.

“என்னங்க,” என்றாள்.

நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

“உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க.”

அவள் கை தாலிக்குப் போனது.

“பெர்க்மான்ஸ்னு ஒருத்தரு என்னைக் கேட்டிருக்காரு. நான் உங்களக் கேக்காம அவருக்கு ஒண்ணும் சொல்லல.”

தூரத்தில் அலை ஒன்று எழுந்து விழுந்தது. அதற்கும் அடுத்த அலைக்கும் நடுவில், மதிலோரம் நின்ற இஞ்ஞாசியின் காதில் அந்தக் குரல் தெளிவாக விழுந்தது. உப்பில் வறண்டுபோன ஓர் ஆண் குரல்.

“போறேன்.”